அத்திப்பழ ஜாமும் உயர் ஆணையமும்

எண்ணெய் விலை விழுந்த அந்தக் குளிர்காலத்தில் அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றினார். "எண்ணெயைத் தவிர எதை வேண்டுமானாலும் தயாரியுங்கள், எதை வேண்டுமானாலும் வெளிநாட்டுக்கு அனுப்புங்கள், அரசு உங்கள் பின்னால் நிற்கும்" என்று அல்ஜீரிய மக்களைக் கேட்டுக்கொண்டார். கேட்டவர்கள் பல லட்சம். நம்பியவர் ஒருவர். அவர் பெயர் மொக்ரான்.

மொக்ரான் ஏமாளி இல்லை. இருபத்தாறு வருடம் துறைமுக நகரமான பெஜாயாவுக்கும் தலைநகர் அல்ஜியர்ஸுக்கும் இடையே அரசு பஸ் ஓட்டியவர். அந்தச் சாலையில் 'அபாயகரமான வளைவு' என்று பலகை இருந்தால் அங்கே அபாயகரமான வளைவு இருந்தது. 'குறுகிய பாலம்' என்று எழுதியிருந்தால் பாலம் குறுகலாகத்தான் இருந்தது. அரசாங்கம் ஒன்றைச் சொன்னால் அது அப்படியே இருக்கும் என்ற பழக்கம் அவருக்கு இப்படித்தான் வந்தது. பஸ் ஓட்டாமல் ஏதாவது அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்காது.

ஓய்வு பெற்ற பிறகு அவர் மனைவி வர்தியாவின் ஜாம் தொழிலில் கூட்டாளி ஆனார். அக்பூவுக்கு மேலே மலையில் இருக்கும் இக்ஸர் என்ற ஊரில், ஒரு பழைய லாரிக் கொட்டகையில், வர்தியாவும் ஆறு பெண்களும் அத்திப்பழ ஜாம் காய்ச்சினார்கள். கோடையில் ஊருக்கு வந்த ஹமீமி என்பவர் அதை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு அரைமணி நேரம் பேசாமல் இருந்தார். ஹமீமி ஸ்பெயினில், அலிகான்டே நகரத்தில், ஓட்டல்களுக்குக் காலைச் சிற்றுண்டிச் சாமான்கள் சப்ளை செய்பவர். அவர் பேசாமல் இருப்பது அபூர்வம். பிறகு பேசினார்.

"அடுத்த வருஷம் அக்டோபர் முடியறதுக்குள்ள நாலாயிரத்து எண்ணூறு பாட்டில் அனுப்புங்க. அதுக்கு மேல காத்திருக்க மாட்டேன். துருக்கிக்காரன் என் வாசல்லயே நிக்கறான்."

பழம் மலையில் இருந்தது. பாட்டில் ஓரான் நகரத்துத் தொழிற்சாலையில் இருந்து வந்தது. மூடி மட்டும் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும். எண்ணெய் விலை விழுந்ததால் அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க அரசு இறக்குமதியை நிறுத்தியிருந்தது. ஆக, எண்ணெய் விலை விழுந்ததால் ஜாமை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்ன அதே அரசு, எண்ணெய் விலை விழுந்ததால் ஜாமை மூடவும் விடவில்லை.

"மூடி இல்லாம அனுப்பினா எறும்புக்குத்தான் ஏற்றுமதி பண்ணணும்" என்றாள் வர்தியா.

"அதுக்குன்னே அல்ஜியர்ஸ்ல ஒரு ஆணையம் வச்சிருக்காங்க. போய்க் கேக்கறேன்."

"போ மனுஷா, போ. சாப்பாடு கட்டித் தரட்டா, இல்ல படுக்கையும் சேத்துக் கட்டட்டா?"

மொக்ரான் கோட்டும் டையும் அணிந்து பஸ் ஏறினார். டிரைவர் இரண்டு வளைவுகளில் தப்பாகக் கியர் மாற்றினான். மொக்ரான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் தொழிலதிபர்.

எண்ணெய் சாராப் பொருளாதாரத்துக்கான தேசிய உயர் ஆணையம், கடலைப் பார்த்த ஒன்பது மாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது, சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் மின்பலகை. அதில் கச்சா எண்ணெயின் அன்றைய விலை நிமிடத்துக்கு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. அன்று சிவப்பில் முப்பத்தெட்டு டாலர். ஊழியர்கள் காப்பிக் கோப்பையோடு அதன் அடியில் நின்று, மருத்துவமனையில் உறவினர்கள் நிற்பதைப் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜாம் ஏற்றுமதி விஷயமா வந்திருக்கேன்" என்று மொக்ரான் சொன்னதும் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றாள். காவலாளி கதவைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் ஓடிப்போய்க் காப்பி கொண்டுவந்தார். தன் வாழ்நாளில் எந்த அரசு அலுவலகத்திலும் உட்காரக்கூடச் சொல்லப்படாத மொக்ரானுக்குக் கண் கலங்கிவிட்டது. சிவப்பு விளக்குக்கும் இந்த மரியாதைக்கும் உள்ள உறவு அவருக்கு அப்போது விளங்கவில்லை.

நான்காவது மாடியில் 'உலர்பழம், கார்க், இதர' என்று எழுதிய அறையில் ஸி லமீன் இருந்தார். மரியாதைக்குரிய எல்லோருக்கும் அந்த ஊரில் பெயருக்கு முன்னால் 'ஸி' உண்டு. இவருக்கு நாற்காலியும் இருந்தது. சன்னமான மீசை, சுத்தமான மேசை.

"உக்காருங்க ஸி மொக்ரான். உங்களை மாதிரி ஆளுங்களைத்தான் நாடு தேடிட்டிருக்கு. நீங்க எங்களோட ஏழாவது கோப்பு."

"ஏழாயிரமாவதா?"

"ஏழாவது."

"மத்த ஆறு பேரும் அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்களா?"

ஸி லமீன் விரல்விட்டு எண்ணினார். "மூணு பேர் காலமாயிட்டாங்க. ரெண்டு பேர் பிரான்ஸுக்குப் போயிட்டாங்க."

"ஆறாவது ஆள்?"

"கீழ உங்களுக்குக் கதவு தெறந்து விட்டாரே, அவர்தான். கோப்புக்குப் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு வேலைக்குச் சேந்துட்டார்."

மொக்ரான் மூடி விஷயத்தைச் சொன்னார். ஸி லமீன் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். 'ஜாடி மூடி: உள்நாட்டில் தயாராகிறது.'

"பாத்தீங்களா! நம்ம நாட்டுலயே செய்யறாங்க. பீடபூமியில தேசிய மூடித் தொழிற்சாலை. அப்புறம் எதுக்கு வெளிநாட்டு மூடி? தேசபக்தி இல்லாத பேச்சு."

"அங்க கிடைச்சா அங்கயே வாங்கிக்கறேனே. எனக்கு மூடிதான் வேணும், அது எந்த நாட்டுதா இருந்தா என்ன?"

"போய்ப் பாருங்க. ஒருவேளை அவங்க செய்யலைன்னா, 'நாங்க மூடி செய்யறதில்லை'ன்னு ஒரே ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே இறக்குமதி அனுமதியில கையெழுத்துப் போடறேன்."

மறுவாரம் மொக்ரான் பீடபூமிக்குப் போனார். தேசிய மூடித் தொழிற்சாலையின் வாசலில் இருநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களும் அவரை வரவேற்க நின்றார்கள். நான்கு வருடத்தில் வந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். இயக்குநர் ஸி அம்மார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு விட மறந்துவிட்டார். உள்ளே இயந்திரங்கள் கல்யாணப் பாத்திரங்கள் போலப் பளபளத்தன.

"தினமும் துடைக்கறோம்" என்றார் ஸி அம்மார். "காலையில எட்டு மணிக்கு வர்றோம். எண்ணெய் போடறோம். துடைக்கறோம். மத்தியானம் டோமினோ ஆடறோம். நாலு மணிக்குக் கிளம்பறோம். ஒரு நாள் லீவு கிடையாது."

"மூடி எங்கே?"

இயக்குநரின் முகம் வாடியது. "தகரம் வெளியில இருந்து வரணும். அனுமதிக்கு நாலு வருஷமாக் காத்திருக்கோம்."

"யார் தரணும் அனுமதி?"

"அல்ஜியர்ஸ்ல ஒரு உயர் ஆணையம் இருக்கு."

மொக்ரான் பளபளத்த இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அப்ப, 'நாங்க மூடி செய்யறதில்லை'ன்னு ஒரு கடிதம் தர முடியுமா?"

கூடியிருந்தவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். ஸி அம்மார் கையை விட்டுவிட்டார்.

"செய்யறதில்லைன்னு யார் சொன்னா? இது மூடித் தொழிற்சாலை. செய்யறோம். மூடி இப்போதைக்கு வெளிய வரலை, அவ்வளவுதான். நீங்க கேக்கற மாதிரி நான் எழுதிக் கொடுத்தா, மூடி செய்யாத மூடித் தொழிற்சாலைக்கு இருநூத்துப் பன்னெண்டு பேர் எதுக்குன்னு கேப்பாங்க. இவங்க முகத்தைப் பாருங்க."

மொக்ரான் பார்த்தார். எல்லோரும் அவர் வயதுக்காரர்கள். சட்டைக் காலர்கள் கிழிந்திருந்தன, ஆனால் மேலங்கிகள் வெளுப்பாகத் துவைக்கப்பட்டிருந்தன. பின்வரிசையில் இருந்த ஒருவர், "வந்த மனுஷனை வெறுங்கையோட அனுப்பாதீங்கப்பா, மெஷினை ஓட்டிக் காட்டுங்க" என்றார். அதற்காகவே காத்திருந்தவர்கள் போல நால்வர் ஓடினார்கள். இயந்திரம் உறுமியது. தகரம் போக வேண்டிய இடத்தில் ஒரு முட்டை அட்டைப்பெட்டியைப் பிரித்துச் செருகினார்கள். மறுமுனையில் டக் டக்கென்று மூடிகள் விழுந்தன. அட்டை மூடிகள், திருத்தமான மூடிகள். "வாரம் ஒருதரம் இப்படி ஓட்டுவோம், கை மறந்துடக்கூடாதில்ல" என்றார் ஒரு முதியவர். ஒன்றை எடுத்து ஊதிச் சுத்தம் செய்து மொக்ரானிடம் நீட்டினார். மொக்ரானுக்கு அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அது பெரிய தவறாகப் போயிற்று. ஆணையத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லி, சாட்சிக்கு அந்த அட்டை மூடியை அவர் மேசையில் வைத்ததும் ஸி லமீன் துள்ளினார்.

"மூடி செய்யறாங்கன்னு நான் சொல்லலை?"

"ஐயா, இது அட்டை!"

"புத்தகத்துல 'ஜாடி மூடி'ன்னுதானே இருக்கு. எதுல செஞ்சதுன்னு இருக்கா?" அவர் அந்த மூடியை ஒரு உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, மொக்ரானின் கோப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

"சரி, அவங்களுக்குத் தகரத்துக்காவது அனுமதி கொடுங்க. அவங்ககிட்டயே வாங்கிக்கறேன்."

"தகரம் அஞ்சாவது மாடி. நாட்டுல மூடிக்குத் தேவை இருக்குன்னு ஒரு ஏற்றுமதியாளர் எழுதிக் கொடுத்தா அவங்க தகரத்துக்கு அனுமதி தருவாங்க."

"இப்பவே எழுதித் தர்றேன்! பேனா கொடுங்க!"

"நீங்க இன்னும் ஏற்றுமதியாளர் ஆகலையே. ஆகணும்னா ஒரு தடவையாவது ஏற்றுமதி பண்ணியிருக்கணும்."

"அதுக்குத்தானே மூடி!"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் ஸி லமீன், இருவரும் ஒரு வழியாக ஒத்துப்போய்விட்ட திருப்தியோடு.

வசந்தத்தில் எண்ணெய் இருபத்தொன்பது டாலருக்கு இறங்கியது. அன்றைக்கே இக்ஸருக்கு ஒரு கறுப்புக் கார் வந்தது. 'எண்ணெய்க்கு மறுநாள்' என்ற தேசிய மாநாட்டுக்கு மொக்ரான் சிறப்பு விருந்தினராக வரவேண்டும், ஜாமோடு.

"ஜாம் இருக்கு. மூடி இல்ல" என்றாள் வர்தியா. போன பருவத்தில் எடுத்து வைத்திருந்ததில் ஒரு பாட்டிலை நிரப்பி, வாயில் வெள்ளைத் துணி கட்டிக் கொடுத்தாள்.

மாநாடு கடற்கரை ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் நடந்தது. மேடைக்குப் பூ ஹாலந்தில் இருந்து வந்திருந்தது. தண்ணீர் பிரான்ஸில் இருந்து. 'நம் நாட்டுப் பொருளையே வாங்குவோம்' என்று அச்சடித்த பேனாக்கள் சீனாவில் இருந்து. மேடை நடுவில் வெல்வெட் மெத்தையில் வர்தியாவின் ஜாம் வைக்கப்பட்டிருந்தது. இருபுறமும் இரண்டு காவலர்கள். தொலைக்காட்சி விளக்குகளின் சூட்டில் அது லேசாக உருகியது.

ஆணையத் தலைவர் டாக்டர் கல்லால் பேச எழுந்தார். எண்ணெய் சாராப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அதைப் பெற ஒன்பது வருடம் வெளிநாட்டில் படித்தார், எண்ணெய் நிறுவனத்தின் உதவித்தொகையில்.

"சகோதரர்களே! எண்ணெய் ஒரு போதை. அதில் இருந்து நாம் மீள வேண்டும் என்று நாற்பது வருடமாக இதே ஓட்டலில் சொல்லி வருகிறேன். எவ்வளவு பணம் செலவானாலும் நாம் எண்ணெயை நம்பி வாழக்கூடாது. அந்தப் பணத்தை எண்ணெய் நிறுவனம் தாராளமாகத் தந்துவருகிறது என்பதை நன்றியோடு தெரிவிக்கிறேன். (கைதட்டல்.) சிலர் கேட்கிறார்கள், ஆணையம் இதுவரை என்ன ஏற்றுமதி செய்தது என்று. நான் கேட்கிறேன், ஏற்றுமதி என்பது என்ன, வெறும் பொருளா? இந்தப் பத்து வருடத்தில் எங்கள் அதிகாரிகள் எண்பத்துமூன்று நாடுகளுக்குச் சென்றிருக்கிறார்கள். அத்தனை பேரையும் இந்த மண்தான் விளைவித்தது! (பலத்த கைதட்டல்.) இதோ, இந்த ஜாடியைப் பாருங்கள். இதற்கு மூடி இல்லை. ஏன் இல்லை? ஏனென்றால் நம் எதிர்காலம் திறந்திருக்கிறது!"

கூட்டம் எழுந்து நின்றது. மொக்ரானும் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் அவரைக் கட்டி முத்தமிட்டார். மேடைக்கு அழைத்து அவர் கழுத்தில் 'தேசத்தின் ஏற்றுமதியாளர்' பதக்கத்தைப் போட்டார்கள்.

அவர் ஸி லமீனின் காதில் கிசுகிசுத்தார். "நான் இன்னும் ஒண்ணுமே அனுப்பலையே."

"போன வருஷம் உங்க மச்சான் வெளிநாடு போறப்ப பெட்டியில ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போனாருன்னு சொன்னீங்கல்ல? இந்த வருஷம் நாலாயிரத்து எண்ணூறு. வளர்ச்சி ரெண்டாயிரத்து நானூறு மடங்கு. வருடாந்திர அறிக்கையில போட்டாச்சு."

"அப்ப நான் ஏற்றுமதியாளர்தானே? அஞ்சாவது மாடிக்கு எழுதிக் கொடுக்கலாமா?"

"அது வேற. பதக்கம் கலாசாரப் பிரிவு கொடுக்கறது."

ஆனாலும் மொக்ரான் விடவில்லை. வாரம் ஒரு முறை பஸ் ஏறினார். முப்பது டாலரில் காப்பி கிடைத்தது. இருபத்தேழில் காப்பியோடு கேக்கும் கிடைத்தது. ஒரு நாள் இருபத்துநாலுக்கு இறங்கியபோது டாக்டர் கல்லாலே லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார். ஜூன் மாத நடுவில், சட்டப் பிரிவு ஒரு வழி கண்டுபிடித்தது. மூடியை 'மூடி' என்று சொல்லாமல் 'வட்ட உலோக இணைப்பு' என்று குறிப்பிட்டால் புத்தகத்தில் அது இல்லை. இல்லாததை இறக்குமதி செய்யத் தடையும் இல்லை. ஸி லமீன் விண்ணப்பத்தை விரித்து, பேனா மூடியைக் கழற்றி, முதல் எழுத்தை எழுத மையைத் தாளில் தொடவைத்தார்.

அந்த நேரத்தில் கீழே இருந்து ஒரு பெரும் ஆரவாரம் எழுந்தது. கடைசி நிமிடத்தில் கோல் விழுந்ததுபோல. கதவுகள் திறந்தன, ஆட்கள் படிகளில் உருண்டோடினார்கள். எங்கோ தூரத்தில் இரண்டு நாடுகள் சண்டையைத் தொடங்கியிருந்தன. மின்பலகை பச்சையாக எரிந்தது. எழுபது. எண்பத்துநாலு. யாரோ அழுதார்கள், யாரோ குலவையிட்டார்கள், காவலாளி டாக்டர் கல்லாலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்.

ஸி லமீன் பேனாவை மூடினார்.

"ஐயா, ஒரே ஒரு கையெழுத்து…"

"இப்ப என்ன அவசரம் ஸி மொக்ரான்?" அவர் குரலில் கோபமே இல்லை, விடுமுறைக்குப் போகிறவரின் குரல் அது. "வீட்டுக்குப் போங்க. சந்தோஷமா இருங்க. நாடு பிழைச்சுப்போச்சு."

மொக்ரான் வெளியே வந்தபோது அவருக்குக் கதவைத் திறக்க யாரும் இல்லை. தானே தள்ளித் திறந்துகொண்டு வந்தார்.

ஆணையம் கலைக்கப்படவில்லை. கலைப்பதற்குத்தான் காரணம் வேண்டும். விலையேற்றத்தின் இனிமையை மக்கள் உடனடியாக உணர வேண்டும் என்று அரசு முடிவு செய்து, பத்துப் பொருட்களைத் தாராளமாக இறக்குமதி செய்யும் பொறுப்பை அந்த ஆணையத்திடமே ஒப்படைத்தது. 'இனிமை' என்ற சொல்லை ஆணையம் நேரடியாக எடுத்துக்கொண்டது. பத்தில் ஒன்று ஜாம்.

ஆகஸ்ட் கடைசியில் இக்ஸர் மலையில் அத்தி பழுத்து வெடித்தது. அத்தி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மூன்று நாள் விட்டால் குளவிக்குப் போய்விடும். ஆறு பெண்களும் கைகளில் பால் ஒட்டப் பறித்தார்கள், காய்ச்சினார்கள். கொட்டகையில் நாலாயிரத்து எண்ணூறு பாட்டில்களும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. மேலே துணி போர்த்தியிருந்தது. மொக்ரான் அக்பூ, பெஜாயா, ஸேத்திஃப் என்று கள்ளச்சந்தை எல்லாம் அலைந்து திரும்பினார். இருந்த சில மூடிகளுக்கும் தங்க விலை சொன்னார்கள்.

"இந்தப் பொண்ணுங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்?" என்று கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னதை நம்பித்தானே வந்தாங்க."

"நீ சொன்னதை யாரும் நம்பலை. நான் காய்ச்சறதை நம்பி வந்தாங்க" என்றாள் வர்தியா. "எந்திரி. காலையில இருந்து நீ ஒண்ணும் தின்னலை. கடையில ரொட்டி வாங்கிட்டு வா."

அவர் ரொட்டியோடு ஒரு பாட்டிலும் கொண்டுவந்தார். ஸ்பெயின் நாட்டு ஆப்ரிகாட் ஜாம். கடைக்காரர் கிட்டத்தட்ட இலவசமாகத் தள்ளிவிட்டிருந்தார். எண்ணெய்ப் பணத்தில் அரசு பாதி விலையை ஏற்றுக்கொண்டதால், பெஜாயா மாகாணம் முழுக்கக் கடைகளில் அது கூரை வரை அடுக்கியிருந்தது.

வர்தியா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "வெறும் சர்க்கரைப் பாகு. பழம் பக்கத்துத் தெருவுல போயிருக்கும்." பிறகு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்துபோய்த் தன் பாட்டில் ஒன்றில் வைத்துத் திருகினாள். கிச்சென்று இறுகியது. "ஏ மனுஷா, இந்தப் பாட்டில் என்ன விலை?"

சொன்னார்.

"கள்ளச்சந்தையில ஒரு மூடி?"

அதையும் சொன்னார். சொல்லும்போதே அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஒரு மூடியின் விலையில் மூன்று பாட்டில் ஜாம் வந்தது.

அடுத்த மூன்று வாரமும் மொக்ரானும் ஒரு வாடகை லாரியும் ஐந்து ஊர்க் கடைகளைக் காலி செய்தார்கள். கொட்டகையில் பெண்கள் ஸ்பெயின் ஜாமைப் பாட்டிலில் இருந்து அண்டாவுக்கு வழித்தார்கள், மூடிகளை வெந்நீரில் கொதிக்கவைத்தார்கள், தங்கள் ஜாமுக்கு மூடினார்கள். வழித்த ஜாமை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. முதலில் ஊர்க்காரர்கள் தின்றார்கள். பிறகு பக்கத்து ஊர்கள். அந்த மாதம் மலையில் நடந்த முதல் ஏழு கல்யாணத்திலும் ஆப்ரிகாட் ஜாம் வைத்த பலகாரமே இருந்தது. எட்டாவது கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தார்கள். கடைசியில் கழுதைகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

ஆணையம் இதையும் கவனித்தது. பெஜாயா மாகாணத்தில் இறக்குமதி ஜாமின் விற்பனை பதினான்கு மடங்கு உயர்ந்ததாக அறிக்கை வெளியானது. டாக்டர் கல்லால் தொலைக்காட்சியில் தோன்றினார். "மலை மக்கள் நீண்டகாலமாக ஜாமுக்கு ஏங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஜாம் செய்யத் தெரியாது என்பதை நாங்கள் உணரத் தவறிவிட்டோம்" என்று தழுதழுத்தார். மாகாணத்துக்கான ஒதுக்கீடு இரட்டிப்பானது. அதனால் மூடிக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று.

அக்டோபர் இருபத்தாறாம் தேதி மொக்ரானும் வர்தியாவும் லாரியோடு பெஜாயா துறைமுகத்துக்கு வந்தார்கள். அலிகான்டே கப்பல் மாலை கிளம்பும். சுங்க ஆய்வாளர் ஹஸீபா ஒரு பெட்டியைப் பிரித்தார். ஐம்பதை நெருங்கும் பெண், மூக்குக்கண்ணாடி, கையில் கடித்துவைத்த பென்சில்.

"ஏற்றுமதியா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். "எண்ணெய் இல்லாததா? எனக்கு அந்தப் படிவமே எங்க இருக்குன்னு தெரியாதே." ஒரு அலமாரியின் அடித்தட்டில் இருந்து எடுத்துத் தூசி தட்டினார். "பதினேழு கையெழுத்து வேணும். பதினாறு அல்ஜியர்ஸ்ல. உங்க ஏற்றுமதியாளர் எண் என்ன?"

மொக்ரான் கோட்டுப் பையில் இருந்து பதக்கத்தை எடுத்துக் காட்டினார்.

"இது எண் இல்லையே" என்றார் ஹஸீபா. அவர் குரலில் இரக்கம் இருந்தது.

"எண் வேணும்னா முதல்ல ஏற்றுமதி பண்ணணுமாம்."

ஹஸீபா பெருமூச்சு விட்டார். தொழிலில் இருபது வருடமாக இருப்பவர். எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சும்மா ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தார். மூடியில் ஒரு மஞ்சள் சூரியனும் ஸ்பானிய எழுத்துகளும் இருந்தன. மூடியைப் பார்த்தார். மொக்ரானைப் பார்த்தார். வர்தியாவைப் பார்த்தார். வர்தியா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஜாம் என்னோடது" என்றாள். "மூடி அவங்களோடது."

ஹஸீபா பென்சிலைக் கடித்தார். "ஏற்றுமதின்னா பதினேழு கையெழுத்து. வெளிநாட்டுல இருந்து வந்த சரக்கைப் பிடிக்காம திருப்பி அனுப்பறதுன்னா ஒரே கையெழுத்து. என்னோடது. மூடியில ஸ்பெயின்னு எழுதியிருக்கு. ஸ்பெயினுக்குப் போகுது. நான் என்ன புதுசா எழுதப்போறேன்?"

மொக்ரான் நிமிர்ந்தார். "அப்ப இது நம்ம நாட்டுப் பொருள்னு எங்கயுமே இருக்காதா?"

"இருக்காது."

"ஏற்றுமதிக் கணக்குல?"

"வராது. இறக்குமதிக் கணக்குல கொஞ்சம் குறையும்."

ஒரு வருடம் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறிய மனிதர், துறைமுகச் சிமென்ட் தரையில் நின்றுகொண்டு தன் லாரியைப் பார்த்தார். "எங்க ஊர்ப் பேரு அதுல இருக்கணும்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

"பேரு பாட்டில்மேல ஒட்டியிருக்கு மனுஷா, உங்க ஆபீஸ் பேப்பர்ல இல்லேன்னா என்ன" என்றாள் வர்தியா. "அலிகான்டேல அதைப் படிச்சுட்டு ரொட்டியில தடவிக்குவாங்க. கப்பல் கிளம்பப்போகுது."

ஹஸீபா வேறொரு படிவத்தை விரித்தார். "ஒரே ஒரு இடம் நிரப்பணும். 'ஏன் திருப்பி அனுப்பப்படுகிறது?'"

"கெட்டுப்போச்சுன்னு எழுதாதீங்க" என்றாள் வர்தியா சட்டென்று. அதுவரை அவள் குரல் நடுங்கியதில்லை.

"எழுத மாட்டேன். ஆனா ருசி பாக்காம எதுவும் எழுதக்கூடாதுன்னு விதி இருக்கு."

ஹஸீபா மூடியைத் திருகினார். விரலை விட்டுத் தொட்டு வாயில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இன்னொரு முறை விரலை விட்டார், இந்தத் தடவை கொஞ்சம் ஆழமாக. பிறகு அதே விரலை நக்கிக்கொண்டே, மறுகையால், அழகான உருண்டை எழுத்தில் படிவத்தில் எழுதினார்:

'அல்ஜீரிய மக்களின் நாக்குக்கு இந்தச் சுவை பிடிக்கவில்லை.'

முத்திரை குத்தினார். கையெழுத்துப் போட்டார்.

"மாதிரிக்குன்னு ரெண்டு பாட்டில் எடுத்துக்கறேன்" என்றார், மேசை இழுப்பறையைத் திறந்து.

"விதியில ரெண்டுன்னா இருக்கு?" என்று கேட்டார் மொக்ரான்.

"ஒண்ணுதான்" என்றார் ஹஸீபா, இரண்டாவதை உள்ளே வைத்து இழுப்பறையைப் பூட்டியபடி.